குரோமருக்குப் போனால்



விடுமுறை இதழ் அச்சுக்குப் போகும் நேரம் வந்தாலே இங்கிலாந்து வாசகர்களிடமிருந்து ஒரு கேள்வி வந்துவிடும்: பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போக வேண்டும், எந்த ஊர் நல்லது? பிரைட்டனும் பிளாக்பூலும் அவர்களுக்கே தெரியும். இந்த முறை நான் தயங்காமல் சொல்லும் பெயர் குரோமர். லண்டனுக்கு வடகிழக்கே, நார்ஃபோக் மாவட்டத்தின் வடகரையில், மண்மேட்டின் மேல் வடகடலைப் பார்த்து அமர்ந்திருக்கும் சிற்றூர். சுமார் எட்டாயிரம் பேர் வசிக்கிறார்கள். கடலுக்குள் நீளும் ஒரு பியர், 160 அடி உயரத் தேவாலயக் கோபுரம், இரண்டு சிறிய அருங்காட்சியகங்கள், நாடெங்கும் பேர் பெற்ற நண்டு. பார்க்க வேண்டியவற்றின் பட்டியல் இவ்வளவுதான், ஒரே நாளில் முடிந்துவிடும்.

எனக்கு இந்த ஊர் பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு. வேடிக்கை பார்க்க வருபவர்களுக்கும் கடலை நம்பிப் பிழைப்பவர்களுக்கும் இங்கே தனித்தனி இடம் கிடையாது. பியரிலேயே அதைக் கண்ணால் பார்க்கலாம். 1901-இல் திறந்த பியர் அது. அதன் மேல் ஒரு நாடகக் கொட்டகை இருக்கிறது. கோடை முழுக்க ஆட்டமும் பாட்டும் நகைச்சுவையுமாக நிகழ்ச்சி நடக்கும். பியர் முனையில் பருவம் முழுவதும் மேடை நிகழ்ச்சி நடத்தும் பழக்கம் மற்ற ஊர்களில் ஏறக்குறைய அற்றுப்போய்விட்டது, குரோமர் அதை விடவில்லை. கொட்டகையைத் தாண்டி இன்னும் நடந்தால், பியரின் கடைசியில், உயிர்காப்புப் படகு நிற்கும் கொட்டில். அழைப்பு வந்தால் படகுக்காரர்கள் சுற்றுலாக்காரர்கள் நடக்கும் அதே பலகைகளின் மேல் ஓடித்தான் படகேற வேண்டும். பதினாறு மீட்டர் நீளமும் முப்பது டன்னுக்கு மேல் எடையும் கொண்ட படகு சறுக்குப் பாதையில் வழுக்கி நேராகக் கடலில் விழும். பயிற்சிக்காக இறக்கும் நாளில் நீங்கள் அங்கே இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். அந்தச் சத்தத்தையும் எழும்பும் நீரையும் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

படகு வீட்டைப் பியர் முனையில் கட்டியதற்கு ஒரு காரணம் உண்டு. குரோமரில் துறைமுகம் கிடையாது. பெருங்காற்று அடிக்கும்போது கரையிலிருந்து படகைத் தள்ளினால் அலை அதைத் திருப்பிக் கரையிலேயே எறிந்துவிடும். மோட்டார் படகு வந்த பிறகு, 1923-இல், கரை அலைகளுக்கு அப்பால் படகை இறக்க இந்த ஏற்பாடு செய்தார்கள். 1940-இல் ஜெர்மானியர்கள் வந்து இறங்கிவிடக் கூடாதென்று ராணுவம் பியரின் நடுப்பகுதியைத் தகர்த்தது. படகு வீடு மறுமுனையில் இருப்பது அதன் பிறகுதான் உறைத்தது. இடைவெளியில் பலகை போட்டு, அதன் மேல் நடந்து போர்க்காலம் முழுவதும் படகேறினார்கள். 1953-இன் பெரும் புயலில் பியர் மீண்டும் அடிவாங்கியது. 1993-இல் காற்றில் அறுந்துவந்த ஒரு மிதவை மேடை மோதி அதை இரண்டாக வெட்டியது. 2013 டிசம்பரில் கடல் பொங்கி இன்னொரு முறை. ஒவ்வொரு முறையும் ஊர் அதை எழுப்பி நிறுத்தியிருக்கிறது.

இந்தக் கரை கப்பல்களுக்குப் பொல்லாதது. நியூகாசிலிலிருந்து லண்டனுக்கு நிலக்கரி ஏற்றிவந்த கப்பல்கள் எல்லாம் அந்தக் காலத்தில் இந்த வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. ஒதுங்க நல்ல துறைமுகம் இல்லை, கடலுக்குள் ஹேஸ்பரோ மணல்திட்டுகள் மறைந்து கிடக்கின்றன. குரோமர் விரிகுடாவைக் கடலோடிகள் பேயின் தொண்டை என்று அழைத்ததாக டேனியல் டிஃபோ தம் பயண நூலில் எழுதியிருக்கிறார். உடைந்த கப்பல்களின் மரத்தைக் கொண்டே இந்தக் கரை மக்கள் கொட்டகையும் வேலியும் கட்டியிருப்பதைப் பார்த்து அவர் திகைத்திருக்கிறார். கடல் ஊரையும் விட்டுவைக்கவில்லை. குரோமருக்கு முன்னால் ஷிப்டன் என்றொரு ஊர் இருந்தது, இடைக்காலத்திலேயே கடல் அதைக் கொண்டுபோய்விட்டது. 1888-இல் ஒரு உல்லாசப் படகு கடலில் மூழ்கிய அந்த ஊர்த் தேவாலயத்தின் இடிபாட்டில் மோதி நின்றது.

ஆகவே, பெரிய தேசிய அமைப்பு உருவாவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1804-இல், ஊர்க்காரர்கள் தங்களுக்கென்று ஓர் உயிர்காப்புப் படகை வைத்துக்கொண்டார்கள். ஆர்.என்.எல்.ஐ. என்று இன்று பிரிட்டனில் எல்லோரும் அறிந்த தொண்டு நிறுவனம் 1824 மார்ச்சில் பிறந்தது. இருநூறு ஆண்டுகளில் அது காப்பாற்றிய உயிர்கள் 1,40,000-க்கும் மேல். படகில் போகிறவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். செலவுக்குப் பணம் பெரும்பாலும் மக்கள் கொடுக்கும் நன்கொடை.

அந்த அமைப்பின் வரலாற்றிலேயே மிக அதிக விருதுகள் பெற்றவர் குரோமர் மீனவர் ஒருவர். பெயர் ஹென்றி பிளாக். 1876-இல் பிறந்தவர். நண்டு பிடிப்பது அவருடைய தொழில். கோடையில் சுற்றுலாக்காரர்களுக்குச் சாய்வு நாற்காலியும் கடற்கரைக் குடிலும் வாடகைக்கு விடுவார். காலையில் அவரிடம் நாற்காலி வாங்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்தவர்களில் எத்தனை பேருக்கு அவர் யாரென்று தெரிந்திருக்கும்! பதினெட்டு வயதில் உயிர்காப்புப் படகில் சேர்ந்தார், 1909-இல் அதன் தண்டல், அதாவது படகுத் தலைவர் ஆனார், 71 வயதில் ஓய்வு பெற்றார். ஐம்பத்து மூன்று ஆண்டுகளில் 387 முறை கடலுக்குப் போய் 873 பேரைக் கரைசேர்த்தார். மது கிடையாது, புகை கிடையாது, பேச்சும் குறைவு. நீச்சல் அவர் கற்றுக்கொள்ளவே இல்லை.

1917 ஜனவரி 9-ஆம் தேதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் உலகப் போர் நடந்த காலம். ஊர் இளைஞர்கள் போர்முனையில். படகில் இருந்தவர்கள் பெரும்பாலும் நடுவயதைக் கடந்தவர்கள், சிலர் கிழவர்கள். படகோ துடுப்பு வலித்து ஓட்டும் மரப்படகு. ஆட்கள் இடுப்பளவு நீரில் இறங்கித் தள்ளி அதைக் கடலில் இறக்கினார்கள். பைரின் என்ற கிரேக்கக் கப்பலிலிருந்து பதினாறு பேரை மீட்டுக் கொண்டுவந்து, நனைந்த உடையோடு கரையில் நிற்கும்போதே ஃபெர்னெபோ என்ற ஸ்வீடன் கப்பல் கண்ணெதிரே வெடித்து இரண்டாகப் பிளந்தது. களைத்துப்போன அதே ஆட்கள் திரும்பவும் படகைத் தள்ளினார்கள். அலை கரைக்கே திருப்பி அடித்தது. மறுபடி போனார்கள், துடுப்புகள் முறிந்தன, சில அலையோடு போயின. கரைக்கு வந்து மாற்றுத் துடுப்பு எடுத்துக்கொண்டு மூன்றாம் முறையாக இருட்டில் இறங்கிப் பதினோரு பேரைக் கூட்டிவந்தார்கள். ஹென்றி பிளாக்குக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. அவருடைய ஆட்களைக் கௌரவிக்க ஆர்.என்.எல்.ஐ. வெண்கலப் பதக்கம் என்ற ஒன்றையே புதிதாக ஏற்படுத்தியது. கரை தெரியும் தூரத்தில் நடந்த போராட்டம் இது, அத்தனையையும் ஊரே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாம் முறையாக வாருங்கள் என்று அந்த மனிதர்களைக் கேட்க யாருக்கு வாய் வந்திருக்கும்? வந்தார்கள்.

இரண்டாவது தங்கம் 1927-இல், மூன்றாவது 1941 ஆகஸ்டில். அந்த ஆகஸ்டில் சூறைக்காற்றில் ஒரு கப்பல் தொகுதியைச் சேர்ந்த பல கப்பல்கள் ஹேஸ்பரோ திட்டில் ஏறிவிட்டன. ஆக்ஷாட் என்ற கப்பலில் பதினாறு பேர் தங்களைக் கயிற்றால் ஒன்றாகக் கட்டிக்கொண்டு புகைபோக்கியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், மற்றதெல்லாம் நீருக்குள். பிளாக் படகை மூழ்கிய கப்பலின் மேலேயே ஓட்டிப்போய், பிளந்த தகட்டின் இடுக்கில் மூக்கைச் செருகி நிறுத்தி அவர்களை இறக்கினார். அன்று அவர் படகு மீட்டவர்கள் 88 பேர். இரண்டு மாதம் கழித்து இங்லிஷ் டிரேடர் என்ற கப்பலுக்குப் போனபோது ஓர் அலை படகையே சாய்த்து அவரையும் சேர்த்து ஐந்து பேரைக் கடலில் தூக்கி எறிந்தது. எட்வர்ட் ஆலன் என்ற தோழர் உயிரிழந்தார். அப்போது பிளாக்குக்கு வயது 65. மறுநாள் விடிந்ததும் அதே கப்பலுக்குத் திரும்பிப் போய் 44 பேரை அழைத்துவந்தார்.

ஹெச்.எஃப். பெய்லி என்ற அந்தப் படகை இன்றும் பார்க்கலாம். கடற்கரைக்கு இறங்கும் கிழக்குச் சரிவில் ஹென்றி பிளாக் அருங்காட்சியகம் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. 46 அடி மரப்படகு, 1935 முதல் 1945 வரை 518 உயிர்களைச் சுமந்தது. பிள்ளைகளை அதன் அருகே நிறுத்திப் பாருங்கள். நம் ஊர் நடுத்தர வள்ளத்தை விடப் பெரிதாகத் தோன்றாது. தண்டல் நின்ற இடத்தில் மேலே கூரை இல்லை, முன்னால் தடுப்பு ஒன்று, ஒரு சக்கரம், அவ்வளவுதான். மணிக்கணக்காக அங்கே நின்றபடி பனிக்கால வடகடலில் போயிருக்கிறார் என்பதைப் படித்துத் தெரிந்துகொள்வது ஒன்று, அந்த இடத்தைக் கண்ணால் பார்ப்பது இன்னொன்று. பிள்ளைகளுக்குப் பிடித்த இன்னொரு கதையும் இவரிடம் உண்டு. 1932-இல் மான்டே நெவோசோ என்ற இத்தாலியக் கப்பல் திட்டில் சிக்கியபோது அதிலிருந்த நாயையும் காப்பாற்றினார், மான்டே என்று பெயரிட்டுத் தானே வளர்த்தார்.

இனி நண்டு. குரோமர் நண்டு பழுப்பு நிற ஓட்டுநண்டு, அளவில் மற்ற கரைகளின் நண்டைவிடச் சிறியது, சதை நிறைந்து தித்திப்பாக இருக்கும். கரையை ஒட்டிக் கடலுக்கடியில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் சுண்ணாம்புப் பார் ஓடுகிறது, நண்டின் ருசிக்கு அதுதான் காரணம் என்பது ஊரார் கணிப்பு. மீனவர்கள் கயிற்றில் வரிசையாகக் கோத்த நண்டுக் கூடுகளில் மீன்துண்டை இரையாக வைத்து இறக்குவார்கள். மறுநாள் தூக்கி, அளவு குறைந்ததைக் கடலிலேயே விட்டுவிடுவார்கள். படகுகளை டிராக்டர் கட்டி மணலிலிருந்து கடலுக்குத் தள்ளுவதைக் காலையில் எழுந்துபோனால் பார்க்கலாம்.

கடையில் நண்டை ஆய்வதை நின்று பார்ப்பது எனக்குப் பிடிக்கும். வேகவைத்த நண்டின் கொடுக்கையும் கால்களையும் திருகி எடுப்பார்கள். உடலை ஓட்டிலிருந்து கட்டைவிரலால் நெம்பிப் பிரிப்பார்கள். சாம்பல் நிறத்தில் பஞ்சுபோல் தொங்கும் செவுளை ஒன்று விடாமல் கிள்ளி எறிவார்கள், அதைத் தின்னக் கூடாது. ஓட்டுக்குள் இருக்கும் பழுப்புச் சதையை வழித்து, கொடுக்கிலிருந்து வெள்ளைச் சதையை உடைத்தெடுத்து, கழுவிய அதே ஓட்டில் இரண்டையும் பக்கம் பக்கமாக அடைத்துத் தருவார்கள். எலுமிச்சையும் மிளகுத்தூளும் வெண்ணெய் தடவிய ரொட்டியும் போதும். நம் காரத்துக்குப் பழகிய நாக்குக்கு முதல் வாய் மந்தமாகத்தான் இருக்கும். இரண்டாவது வாயில் மசாலா எதுவும் மறைக்காத நண்டின் ருசி தெரியும். இந்த ஊரில் தலைமுறை தலைமுறையாக நண்டு விற்ற டேவிஸ் குடும்பத்திலிருந்துதான் பிளாக்குக்குப் பின் படகுத் தண்டல்களும் வந்தார்கள். 1947-இல் பொறுப்பேற்ற ஹென்றி டேவிஸை ஊரார் ‘ஷ்ரிம்ப்’, அதாவது இறால் என்றே கூப்பிட்டார்கள்.

2016-இல் அந்தச் சுண்ணாம்புப் பார் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதியாக அறிவிக்கப்பட்டது. கூடுகளும் கயிறுகளும் பாரை உரசி உடைக்கின்றன என்று சூழலியலாளர்கள் கவலைப்படுகிறார்கள். தொழிலுக்குத் தடை வந்துவிடுமோ என்று மீனவர்கள் அஞ்சுகிறார்கள். பாரும் வேண்டும், சிறு படகுகளும் வேண்டும். இழுவை மடி போடும் பெரும் கப்பல்களை நடத்துவதுபோல் கையால் கூடு தூக்கும் இவர்களை நடத்தக் கூடாது என்பது என் எண்ணம். கடலடியில் எங்கே என்ன சேதம் என்று மீனவர்களையும் கூட வைத்துக்கொண்டு அளந்து, அதன்பிறகு விதி செய்வதே நியாயம்.

பிள்ளைகளுக்குப் பியரில் உட்கார்ந்து நண்டு பிடிப்பது தனிப் பொழுதுபோக்கு. தூண்டில் முள் கூடாது. வலைப்பையில் பன்றி இறைச்சித் துண்டையோ மீனையோ போட்டுக் கயிற்றில் இறக்கினால் சின்னப் பச்சை நண்டுகள் பற்றிக்கொள்ளும். மெதுவாகத் தூக்கிக் கடல்நீர் நிரப்பிய வாளியில் விட வேண்டும். ஒரு வாளியில் நாலைந்துக்கு மேல் வேண்டாம், வெயிலில் வைக்கவும் வேண்டாம். போகும்போது திருப்பிக் கடலில் விட்டுவிடுங்கள்.

தேவாலயத்தை ஒட்டிப் பழைய மீனவர் வீடுகளில் இருக்கும் குரோமர் அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், இந்தக் கரையின் பழங்காலக் கதை அங்கே இருக்கிறது. 1990-இல் ஒரு புயலுக்குப் பின் பக்கத்து மேற்கு ரன்டன் கரையில் மண்மேடு சரிந்து ஒரு பெரிய எலும்பு வெளியே தெரிந்தது. தோண்டத் தோண்ட நான்கு மீட்டர் உயரமுள்ள ஒரு மாமூத் யானையின் எலும்புக்கூடு ஏறக்குறைய முழுசாகக் கிடைத்தது. ஆறு லட்சம் ஆண்டுகளுக்கும் முந்தையது. சற்றுக் கிழக்கே ஹேஸ்பரோ ஊர்க்கரையில் 2013-இல் கடல் மணலை அரித்துக்கொண்டு போனபோது மனிதக் காலடித் தடங்கள் வெளிப்பட்டன. எட்டரை லட்சம் ஆண்டுகளுக்கு முன் பெரியவர்களும் பிள்ளைகளுமாக நடந்துபோன தடம். ஆப்பிரிக்காவுக்கு வெளியே அவ்வளவு பழைய தடம் வேறெங்கும் கண்டறியப்படவில்லை. ஆராய்ச்சியாளர்கள் மழையில் நின்று படமெடுத்து முடித்தார்கள், இரண்டு வாரத்தில் அலை அதை அழித்துவிட்டது.

இலக்கிய ஆர்வலர்களுக்கு ஒரு வரி: ஜேன் ஆஸ்டினின் ‘எம்மா’ நாவலில் இந்த ஊரின் கடற்காற்றைப் பற்றி ஒரு விவாதமே வருகிறது. கோனன் டாயில் 1901-இல் இங்கே தங்கியிருந்தபோது கேட்ட கருநாய்க் கதைக்கும் அவருடைய புகழ்பெற்ற பாஸ்கர்வில் நாவலுக்கும் தொடர்பு சொல்வார்கள். நீராவி ரயில் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் பக்கத்து ஷெரிங்கமில் இருக்கிறது.

லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து நாரிச் போய், அங்கே சின்ன ரயிலில் மாறி முக்கால் மணி நேரத்தில் குரோமரில் இறங்கலாம். ஆகஸ்ட் கூட்டத்தைத் தவிர்த்து ஜூனிலோ செப்டம்பரிலோ போனால் ஊர் உங்களுக்கே சொந்தம்.

உயிர்காப்புப் படகைப் பற்றி இத்தனை எழுதியதற்குக் காரணம் சொல்லிவிடுகிறேன். 2016 ஆகஸ்டில் சசெக்ஸின் கேம்பர் கரையில், வெயில் நாளில் விளையாடப் போன நம் தமிழ் இளைஞர்கள் ஐவர் கடலில் மூழ்கி இறந்தார்கள். இலங்கையிலிருந்து வந்து லண்டனில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள். அன்று அந்தக் கரையில் உயிர்காப்பாளர்கள் இல்லை. அதன்பிறகுதான் ஆர்.என்.எல்.ஐ. ஆட்கள் அங்கே வந்தார்கள். அந்த வீடுகளின் துயரம் நம் எல்லோருடையதும். இங்கிலாந்தின் கடல் கோடையிலும் குளிர்ந்தே இருக்கும், திடீரென்று இறங்கினால் மூச்சுத் திணறும். வற்றுநேரத்தில் பிள்ளைகள் தூரமாக நடந்துபோன மணல்மேட்டைச் சுற்றி, திரும்பிப் பார்ப்பதற்குள் ஏற்றநீர் சூழ்ந்துவிடும்.

ஆகவே குரோமரானாலும் வேறு எந்தக் கரையானாலும் உயிர்காப்பாளர்கள் இருக்கும் இடத்தில், சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவில் மட்டும் குளியுங்கள். போவதற்கு முன் அன்றைய ஏற்றம் வற்றம் எத்தனை மணிக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள். நீர் இழுத்தால் எதிர்த்து நீந்தாமல் மல்லாந்து கைகால்களை விரித்து மிதந்து, மூச்சு சீரானபின் கூப்பிடச் சொல்லிப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். யாராவது தத்தளித்தால் பின்னால் குதிக்காதீர்கள். 999 அழைத்து ‘கோஸ்ட்கார்ட்’ என்று கேளுங்கள், படகு வரும்.

அன்புடன்,
ஆசிரியர்